கேள்வி நேரம்: லாரி குடிக்கும் டீசலை எக்செல்லில் பிடிக்கலாமா?

கே: மொத்த எடை 40 டன் வரும் டிரெய்லர் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்று எக்செல்லிலேயே போட்டுப் பார்க்க முடியுமா? (வாசகர், நாமக்கல்)

ப: தாராளமாக. சமதளம், 60 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் டயர்: எடை × 9.81 × உருளல் கெழு (டயர் உருள்வதற்கு எவ்வளவு தடை என்று சொல்லும் எண்). நல்ல ரேடியல் டயருக்குக் கெழு 0.006 என்றால் 40,000 × 9.81 × 0.006 = 2,354 நியூட்டன். அடுத்து காற்று: 0.5 × காற்றின் அடர்த்தி 1.2 × தடைப் பரப்பு (வண்டியின் முகப்புப் பரப்பு × காற்றுத் தடைக் கெழு) 6 சதுர மீட்டர் × வேகத்தின் வர்க்கம். வேகத்தை நொடிக்கு மீட்டராக (16.67) மாற்றிய பிறகே வர்க்கம் எடுங்கள், பலர் சறுக்குவது இங்கேதான். விடை 1,000. ஆக 3,354 நியூட்டன்.

இந்த விசையோடு 100 கி.மீ. போக 335 மெகாஜூல் வேண்டும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இழப்புக்காக 0.92 ஆல் வகுத்தால் 365. ஃபேன், ஆல்டர்னேட்டர், ஏர் கம்ப்ரசர் எல்லாம் சேர்ந்து 4 கிலோவாட் என்றால், 100 நிமிட ஓட்டத்துக்கு இன்னொரு 24. மொத்தம் 389. இன்ஜின் திறன் 40 சதவீதம், டீசல் லிட்டருக்கு 36 மெகாஜூல்: 27 லிட்டர். மைலேஜ் லிட்டருக்கு 3.7 கி.மீ.

ஒரே திறன் எண் நெடுஞ்சாலைக்குப் போதும். ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு இது உதவாது. லோடு குறைந்தால் இன்ஜின் திறனும் சரியும். அப்போது ஆர்.பி.எம்., டார்க் வாரியான எரிபொருள் அட்டவணை இல்லாமல் முடியாது.

கே: அதே கணக்கில் முடுக்கம், ஏற்ற இறக்கம் இரண்டையும் சேர்த்து ஜிபிஎஸ் பதிவை நொடிக்கு நொடி போட்டேன். பங்க்கில் அடித்த டீசலைவிட எங்கேயோ போய்விட்டது. ஏன்?

ப: சூத்திரத்தில் குற்றமில்லை, பதிவில்தான். வேகம் ஒரு நொடியில் மணிக்கு 1 கி.மீ. பொய்யாகத் துள்ளினால், 40 டன்னுக்கு அது 11,000 நியூட்டன் முடுக்கு விசை. டயர், காற்று இரண்டும் சேர்ந்ததைப்போல மூன்று மடங்கு. உயரம் இன்னும் மோசம்: ஒரு நொடியில் வண்டி 16.7 மீட்டர் நகர்கிறது, ஜிபிஎஸ் உயரம் 5 மீட்டர் தவறினால் 30 சதவீதச் சரிவு என்று கணக்காகிவிடும். அப்படியொரு ரோடு எங்கே இருக்கிறது? வேகத்தை இன்ஜின் ஈசியூவிலிருந்து (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எடுங்கள். உயரத்தை 200–300 மீட்டர் தூரத்துக்குச் சராசரியாக்குங்கள்.

அதற்காகச் சரிவையே விட்டுவிடாதீர்கள். 1 சதவீத ஏற்றம் மட்டும் 3,924 நியூட்டன் கேட்கும், சமதள ஓட்டம் மொத்தத்தையும்விட அதிகம். 1 சதவீதம் ஏறி அதே அளவு இறங்கினால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்துவிடும். 3 சதவீதம் என்றால் கதை வேறு: ஏறும்போது 15,126 நியூட்டன் வேண்டும், இறங்கும்போது கிடைக்கும் ஆற்றல் எக்ஸ்ஹாஸ்ட் பிரேக்கில் வெப்பமாகப் போய்விடும். வேகம் குறைவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் சராசரி 7,563, சமதளத்தைப்போல இரு மடங்குக்கும் மேல். தொப்பூர் வழியாக ஓடுபவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. விசை மைனஸில் போகும் நொடிகளில் எரிபொருளைப் பூஜ்யமாக்குங்கள். மைனஸ் லிட்டரைக் கூட்டலில் சேர்த்தால் இறக்கத்தில் டேங்க் நிரம்பும்!

கே: லாரியின் எரிபொருள் செலவைக் கணக்கிடும் ஐரோப்பாவின் ‘வெக்டோ’ மென்பொருள் தரும் எண்ணை நம் லாரிக்குப் பொருத்தலாமா?

ப: அப்படியே பொருத்த முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/2400 விதிப்படி இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், டயர், காற்றுத் தடை ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்து, வெக்டோ மென்பொருளில் ஏற்றுகிறார்கள். பெரிய லாரிகளுக்கு 2019 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. நெடுந்தூர ஓட்டத்துக்கு இலக்கு வேகம் 85 கி.மீ. டிரெய்லரை இழுக்கும் டிராக்டர் லாரிக்கு 2.6 டன், 19.3 டன் என இரண்டு லோடு. இந்தியாவில் 2017இல் அறிவித்த விதியோ 40, 60 கி.மீ. நிலையான வேகச் சோதனை. வேகமும் லோடும் வேறானால் எண்ணும் வேறுதான். முறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை விட்டுவிடுங்கள்.

கே: கார்பனை எப்படிச் சொல்வது?

ப: டீசல் லிட்டருக்கு 2.62 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 27 லிட்டருக்கு 71 கிலோ. சரக்கு 26 டன் என்றால் டன்-கிலோமீட்டருக்கு (ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக) 27 கிராம். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் 14 டன் காலி வண்டி திரும்பினால் அதே கணக்கில் இன்னும் 15 லிட்டருக்கு மேல். அதையும் சேர்த்தால் 43 கிராம்.