பேஜ்மேக்கர், பாமினியை விட்டு யூனிகோடுக்கு மாறும்போது எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது?

கேள்வி இதுதான்: சிறிய டிடிபி மையம், பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் 7, தமிழுக்குப் பாமினி ஃபாண்ட். வாடிக்கையாளர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் மேட்டர் அனுப்புகிறார்கள். ஆபரேட்டர்களின் கை இருபது வருஷமாகப் பாமினியில் ஊறிப்போய்விட்டது. மாற முடியுமா? இல்லை, தொழில்நுட்பம் மனிதனையே அப்படிப் பரிணமிக்க வைத்துவிட்டதா?

மாறலாம். மாற வேண்டியது குறியேற்றம், அதாவது எழுத்து கோப்புக்குள் பதிவாகும் முறை மட்டும்தான், கீபோர்டு பழக்கம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் பல கடைகளில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஆபரேட்டர் முகம் சுருங்குகிறது.

பேஜ்மேக்கரைத் திறந்து பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளை அழுத்துங்கள். திரையில் 'தமிழ்' என்று வரும். இப்போது அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து ஃபாண்டை மட்டும் டைம்ஸ் என்று மாற்றுங்கள். நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் பல்லைக் காட்டும். கோப்புக்குள் இருப்பது அவ்வளவுதான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்துவைத்த படம்தான் பாமினி. யூனிகோடில் அதே சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்ற ஐந்து எண்களாகப் பதிவாகும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இந்த எண்கள் தமிழுக்கு மட்டுமே உரியவை. அதனால்தான் ஃபாண்டை மாற்றினாலும் எழுத்து மாறுவதில்லை, கூகுளில் தேடினால் கிடைக்கிறது, போனில் படிக்க முடிகிறது.

எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது தனிச் சங்கதி. என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற கருவிகளில் பாமினி விசையமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் அதே ஐந்து விசைதான், வெளியே வருவது யூனிகோடு. புதிதாக வேலைக்கு வருபவருக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில் என்பதால் சீக்கிரம் பிடிபடும். பழையவரை அதற்குத் தள்ள வேண்டாம். அடிக்கும் வேகம் பாதியாகும், கோபம் இரட்டிப்பாகும்.

கருவியை முடிவு செய்யும் முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பாமினியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தட்டச்சுப்பொறியின் மிச்சம் இது. காகிதத்தில் இடமிருந்து வலமாகத்தான் அடிக்க முடியும், கொம்பு இடப்பக்கம் நிற்பதால் அதுதான் முதலில் விழ வேண்டும். யூனிகோடு ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது, க முதலில், ஒகரக் குறி பிறகு. நீங்கள் எடுக்கும் கருவி கொம்பை முதலில் அடித்தாலும் உள்ளே சரியான வரிசைக்கு மாற்றிப் போடுகிறதா என்று 'கொ, கோ, கௌ, பொய், தெளிவு' என்று அடித்துப் பாருங்கள். புள்ளிவட்டத்தோடு கொம்பு தனியாக நின்றால் அந்தக் கருவி வேண்டாம்.

பரிணாமம் பற்றி இரண்டு வார்த்தை. பெரியவர்களான பின்பும் பாலைச் செரிக்கும் திறன் மாடு வளர்த்த மக்களிடையே பரவ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. பேஜ்மேக்கர் முதலில் வந்ததே 1985-ல்தான். ஆபரேட்டரின் விரல் பழக்கம் அவர் மகளுக்குப் போவதில்லை, அவள் போனில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழை வரவழைத்துக்கொள்கிறாள். தொழில்நுட்பம் நிஜமாகவே மாற்றிவிட்டுப் போவது எழுத்தை. பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் புழங்கிய ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்களைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றுக்கொண்டது. அவை வழியாக வரும் ணொ, ணோ போன்றவற்றையும் சேர்த்து 13 எழுத்துகள். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் தனி வார்ப்புகள் குறைய வேண்டும் என்பது அதன் பின்னிருந்த காரணங்களில் ஒன்று. இன்று யானைத் தும்பிக்கை போட்ட லை-யை இளைஞர்கள் நின்று நிதானித்துத்தான் படிக்கிறார்கள்.

மென்பொருளுக்கு வருவோம். பேஜ்மேக்கர் ஆல்டஸ் நிறுவனத்தின் பண்டம். 1994-ல் அடோபி ஆல்டஸை வாங்கியது, 2001-ல் 7-ஆம் பதிப்பு வந்தது, அதுவே கடைசி. 2004-ல் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அதற்கு யூனிகோடு தெரியாது, எந்தத் திருகு வேலையும் அதைத் தெரியவைக்காது. கடைகளைக் கட்டிப்போட்டிருப்பது ஆபரேட்டரின் பிரியம் என்பார்கள். என் கணக்கில் நிஜமான விலங்கு பழைய கோப்புகள்தான். பேஜ்மேக்கர் கோப்பை அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை திறக்கும், அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறக்காது. ஆகவே உரிமத்தோடு கூடிய சிஎஸ்6 உங்கள் ஏதாவதொரு கணினியில் இருந்தால் அதை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். ஃபாண்ட் கோப்புறையையும் பாருங்கள். பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று முடியும் டைப் 1 ஃபாண்டுகளை 2023 ஜனவரியோடு அடோபி கைவிட்டது, புது இன்டிசைனில் அவை பட்டியலிலேயே வராது. டிடிஎஃப் என்று முடிபவை வரும்.

புது வேலைக்கு இன்டிசைன் என்றால் எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் பத்திப் பலகத்தின் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு திறக்காதபோது செய்வதால் இனி தொடங்கும் எல்லாக் கோப்புக்கும் அதுவே இயல்பாகிவிடும். இதைச் செய்யாமல் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'இன்டிசைனில் தமிழ் வராது' என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு அமைப்பில் அடங்கிவிடும். மாதச் சந்தா கட்ட மனமில்லை என்றால் ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும், அச்சுக்கான நான்கு வண்ண (சிஎம்ஒய்கே) பிடிஎஃப் தரும். ஃபாண்டுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. புத்தக உடல் எழுத்துக்கு முதலாவது போதும். தலைப்பு எழுத்துகளில் மட்டும் பழைய ஃபாண்டுகளின் வகைவகையான கோலத்துக்கு யூனிகோடு உலகம் இன்னும் ஈடாகவில்லை.

பழைய புத்தகத்தை மாற்றும் முறை. பேஜ்மேக்கரில் இருக்கும் மேட்டரை வெறும் டெக்ஸ்டாக எடுக்காதீர்கள், ஃபாண்ட் விவரத்தையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப் ஆக எடுங்கள். பாமினி ஒருமொழிக் குறியேற்றம். உள்ளே இருக்கும் ஆங்கிலச் சொல்லும் பாமினித் தமிழும் வெறும் டெக்ஸ்டில் ஒரே மாதிரிதான் தெரியும். குறியேற்றத்தை மாற்றித் தரும் கருவி (மாற்றி) அந்த ஆங்கிலத்தையும் அர்த்தமில்லாத தமிழாக்கித் தள்ளிவிடும். ஆர்டிஎஃப்பில் ஃபாண்ட் பெயர் தங்குவதால் வேர்டில் 'ஃபாண்ட்: பாமினி' என்று தேடி அந்தப் பகுதிகளை மட்டும் மாற்றலாம். டாப், டிஸ்கி போன்ற இருமொழிக் குறியேற்றத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஆங்கிலம் அதன் இடத்தில் பத்திரமாக இருக்கும்.

மாற்றிய பிறகு வரும் பிழைகளில் ஆபத்தானவை கண்ணுக்குத் தெரியாதவை. பாமினியில் 'ர்' அடிக்கக் காலும் புள்ளியும் போதும், அடிக்காலில்லாத ர-வும் துணைக்காலும் ஒரே உருவம் என்பதால். 'ரி'க்கும் அப்படியே. சுமாரான மாற்றி இதை அப்படியே எடுத்துக்கொள்ளும், 'தமிழர்' என்பது 'தமிழா்' ஆகும், 'காரியம்' என்பது 'காாியம்' ஆகும். பல ஃபாண்டுகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் புரூஃப் பார்ப்பவர் கடந்துபோய்விடுவார். தேடுபொறி கடக்காது. தமிழில் காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ வரவே வராது என்பதால் இதை மொத்தமாக மாற்றலாம், பயம் வேண்டாம்: 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ாீ' என்பதை 'ரீ' என்றும்.

ஔகாரத்தில் அந்தத் தைரியம் கூடாது. 'கௌரவம்' கொம்பும் ள-வுமாகப் பிரிந்து 'கெளரவம்' ஆகியிருக்கும், 'ஔவையார்' 'ஒளவையார்' ஆகியிருப்பார். மொத்தமாக மாற்றப் போனால் 'தெளிவு', 'வெள்ளம்', 'கெளுத்தி' எல்லாம் பாழ். ள-வின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது நிஜமான ள, தொடாதீர்கள். வெறும் ள என்றால் ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால் என்று பட்டியல் சின்னதுதான். ஆனால் வட்டார வழக்குக் கதையென்றால் 'வெளக்கு', 'வெளயாட்டு' என்று எழுத்தாளர் வேண்டுமென்றே எழுதியிருப்பார், அங்கே கை வைத்தால் திட்டு நிச்சயம். இன்னொன்று ஸ்ரீ. ஸ-வில் தொடங்குவதும் ஶ-வில் தொடங்குவதும் பார்வைக்கு ஒன்று, எண்ணில் வேறு. பெயரடைவு தயாரிக்கும் புத்தகத்தில் ஏதாவது ஒன்றுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ரீரங்கம் இரண்டு இடத்தில் வரும்.

ஃபாண்ட் மாறினால் அகலம் மாறும். 160 பக்கம் என்பது 16 பக்கக் கணக்கில் சரியாகப் பத்து பாரம். அது 166 ஆகிவிட்டால் பதினோராவது பாரம் போட வேண்டும், பத்துப் பக்கம் வெள்ளையாகப் போகும், காகிதமும் பிளேட்டும் கூடுதல். விலை பேசும் முன் ஓர் அத்தியாயத்தை மட்டும் ஊற்றிப் பார்த்துப் பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். வரி முடிவில் ஆபரேட்டர் என்டர் தட்டி உடைத்த இடங்களையும், இடைவெளி விசையால் தள்ளி நகர்த்திய செய்யுள் வரிகளையும் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். நேரம் தின்பது இந்த வேலைதான், குறியேற்ற மாற்றம் சில நொடி.

எல்லாவற்றையும் மாற்றவும் தேவையில்லை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் காகிதத்தோடு முடிகிற வேலை. வாட்ஸ்அப்பில் வந்ததைப் பாமினிக்கோ 'செந்தமிழ்' ஃபாண்டுக்கோ மாற்றிக் கோரல்டிராவில் பழைய அலங்கார ஃபாண்டைப் போட்டு முடித்துவிடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. மாறாமல் மறுபதிப்பாகும் புத்தகத்துக்கு அச்சுக்குப் போன பிடிஎஃப் இருந்தால் அதுவே போதும். மின்நூலாக வர வேண்டியது, திருத்திய பதிப்பு, அரசு வேலை ஆகிய மூன்றும் யூனிகோடில்தான் இருந்தாக வேண்டும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தன் தரமாக ஆணையிட்டுவிட்டது.

தொழில் நடைமுறையில் பெரிய மாற்றம் கரெக்‌ஷனில் வரும். இப்போது வாடிக்கையாளர் யூனிகோடில் தருகிறார், நீங்கள் பாமினிக்கு மாற்றுகிறீர்கள், அவர் திருத்தத்தை மறுபடி யூனிகோடில் அனுப்புகிறார், நீங்கள் அதைத் தேடிப் பிடித்துக் கையால் அடிக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புதுப் பிழை உள்ளே நுழைகிறது, மேற்கோள் குறியும் கோடும் வேறு ஏதோ எழுத்தாகின்றன. நேரடியாக யூனிகோடில் வைத்தால் திருத்திய பத்தியை ஒட்டினால் போதும். அதனால் 'பக்கத்துக்கு இவ்வளவு' என்ற பழைய டைப்பிங் கூலி இனி எடுபடாது, மேட்டரை அவரேதான் அடித்துத் தருகிறார். லே-அவுட்டுக்குத் தனி, குறியேற்ற மாற்றமும் சுத்திகரிப்பும் தனி, மூன்றாவது புரூஃபுக்கு மேல் தனி என்று கொட்டேஷனிலேயே பிரித்து எழுதிவிடுங்கள். வேலை முடிந்து பிடிஎஃப் மட்டும் கொடுப்பதா, மூலக் கோப்பையும் கொடுப்பதா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். யூனிகோடு ஃபாண்டில் செய்த பிடிஎஃப்பிலிருந்தும் தமிழை நகலெடுத்தால் பல சமயம் கொம்பும் காலும் இடம் மாறி வரும், எனவே பிற்காலத்துக்குப் பயன்படுவது மூலக் கோப்புதான்.

பழைய பேஜ்மேக்கரைத் தூக்கி எறிய வேண்டாம். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, 1 ஜிபி நினைவகம் ஒதுக்கி, இணைய இணைப்பைத் துண்டித்து, பேஜ்மேக்கரையும் எல்லாப் பழைய ஃபாண்டுகளையும் அதற்குள் வைத்துவிடுங்கள். அந்த மெய்நிகர் கணினி முழுவதும் ஒரே கோப்புறைதான், அதை இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டால் கணினி மாறினாலும் 2003-ல் செய்த கோயில் மலரைத் திறந்துவிடலாம். ஃபாண்ட் பெயர்களை மட்டும் மாற்றிவைக்காதீர்கள், பழைய கோப்பு தேடுவது பழைய பெயரைத்தான்.