பதில்: மெட்ரிக்கை மாற்றியும் ஒளி ஏன் அதே வழியில் போகிறது?

காரைக்குடித் தம்பிக்கு,

பிரான்ஸ்-டிக்கி கோட்பாட்டின் (ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டுக்கு ஒரு மாற்று) மெட்ரிக்கை, அதாவது காலத்தையும் இடத்தையும் அளக்கும் சூத்திரத்தை, ஓர் இடத்துக்கு ஓர் அளவாக மாறும் காரணியால் பெருக்கியும் கருந்துளையின் நிழல் (ஒளியை அது விழுங்குவதால் தெரியும் கரிய வட்டு) அப்படியே நிற்கிறது, கணினி நிரலில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழையே இல்லை, நிரலைக் கலைத்துவிடாதீர்கள்!

நிழலின் அளவைத் தீர்மானிப்பது மெட்ரிக்கின் கோண உறுப்புக்கும் கால உறுப்புக்கும் உள்ள விகிதம். உங்கள் காரணி இரண்டையும் ஒன்றுபோலப் பெருக்குவதால் விகிதத்தில் அடிபட்டுப் போகிறது. ஆத்தங்குடிக் கல்லில் பூவைப் பெரிதாக வார்த்தாலும் இதழ்களின் கோணம் மாறாதே, அதுபோல. ஒளிக்கு அந்தக் கோணம் மட்டும்தான் கணக்கு.

ஆனால் நிறையுள்ள பொருளின் பாதை மாறும். நீங்கள் தோண்ட வேண்டிய இடம் இதுதான். நம் பால்வீதி மையக் கருந்துளையின் நிறையை எஸ்2 என்ற விண்மீனின் 16 ஆண்டுச் சுற்றுப்பாதையிலிருந்தும் கணித்திருக்கிறார்கள். எனவே நிழலை நிறையோடு ஒப்பிடும்போது கோட்பாட்டின் வேறுபாடு விண்மீன் வழியாக உள்ளே வரலாம். வழிகாட்டியிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

நிரலைச் சோதிக்க ஒரு வழி: நிறையை நீள அலகில் எடுத்துக்கொண்டால், ஷ்வார்ஷீல்டு கருந்துளையில் (சுழற்சியும் மின்னூட்டமும் இல்லாதது) ஒளிவட்டம், அதாவது ஒளி சுற்றிவரக்கூடிய வட்டப்பாதை, நிறையின் 3 மடங்கு ஆரத்தில் இருக்கும், நிழலின் ஆரம் 5.196 மடங்கு. (இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) பிறகு கால உறுப்பில் நிறையின் இருபடியை ஆரத்தின் இருபடியால் வகுத்துக் கூட்டுங்கள். ஒளிவட்டம் 2 மடங்காகவும் நிழல் சரியாக 4 மடங்காகவும் சுருங்க வேண்டும். அந்த உறுப்புக்கு எதிர்க்குறி கொடுத்தால் நிழல் பெரிதாகும். சவ்வுலகக் கோட்பாடுகளில் (நம் உலகம் கூடுதல் பரிமாணத்தில் மிதக்கும் ஒரு சவ்வு என்பவை) அதற்கும் இடமுண்டு.