கிரவுன் பினியன் மாற்றிய பிறகு பின் ஆக்ஸிலில் ஊளைச் சத்தம். காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: பெங்களூரு, பழைய ஜீப் வகை ஃபோர் வீல் வண்டி. பெரிய டயர் போட்டதும் இழுவை குறைந்துவிட்டது. அதனால் பின் ஆக்ஸிலில் மட்டும் கிரவுன் பினியனை (ஷாஃப்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல் சக்கர ஜோடி; பெரியது கிரவுன், சிறியது பினியன்) மாற்றி, ரேஷியோவை, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, 3.73-லிருந்து 4.56-க்குக் கொண்டுபோயிருக்கிறார். இப்போது 60-ஐத் தொட்டால் 'ஊ' என்று சத்தம். "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்கிறாராம் மெக்கானிக்.

ஆகாது. புது கிரவுனைப் பக்குவமாக ஓட்ட வேண்டும் என்பது நிஜம்தான். முதல் ஓட்டத்தில் 25, 30 கிலோமீட்டரில் நிறுத்தி ஹவுசிங்கை (கிரவுன் பினியன் உள்ள கூடு) ஆறவிட வேண்டும், முதல் 800 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றக் கூடாது, அது முடிந்ததும் ஆயிலை மாற்ற வேண்டும். இதெல்லாம் பல் சூடேறிக் கெட்டுப்போகாமல் இருக்கத்தான். செட்டிங் தப்பி வந்த சத்தம் இதனால் அடங்காது. நாளாக ஆக, பல் அந்தத் தப்பான இடத்திலேயே தேய்ந்துபோகும். பிறகு எவ்வளவு சரியாக செட் செய்தாலும் சத்தம் மிச்சம் இருக்கும்.

அதற்காக இன்றைக்கே ஹவுசிங்கைத் திறக்கவும் வேண்டாம். கலாசிபாளையம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கிரவுன் சத்தம் என்று சொல்லி வருகிற வண்டிகளில் டயரோ சக்கர பேரிங்கோ கத்துவது சகஜம். நீங்கள் டயரையும் மாற்றியிருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டிகள்) பெரிதாக உள்ள டயர் தானாகவே பாடும். நம் ஊரில் இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். வைட் டாப்பிங் போட்ட கான்கிரீட் ரோட்டில் ஒரு முறை, புதிதாகப் போட்ட தார் ரோட்டில் ஒரு முறை, ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். எந்த ரோட்டிலும் அதே சுருதியில் நின்றால் ஆக்ஸில் பக்கம் போகலாம்.

இன்னொன்று, உங்கள் மீட்டரை நம்பாதீர்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து வருகிற வண்டியில் ரேஷியோ மாற்றினால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். டயர் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், மீட்டரில் 60 என்பது நிஜத்தில் 49 தான். போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள்.

வேகத்தோடு இன்னொரு விஷயமும் மாறியிருக்கிறது. கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து ஆக்ஸிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், முன்பு 73 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிய சுற்றை இப்போது நிஜமான 60-லேயே சுற்றுகிறது (இதிலும் டயர் கணக்கை விட்டுவிட்டேன்). ஷாஃப்டில் பேலன்ஸ் கோளாறோ கிராஸில் (ஷாஃப்டின் முனையில் மடங்கும் இணைப்பு) தேய்மானமோ முன்பே இருந்திருந்தால், நகருக்குள் அந்த வேகத்தை நீங்கள் எட்டாததால் தெரியாமல் இருந்திருக்கும். இப்போது தெரியும். ஆனால் அது ஊளையாக வராது. சீட்டிலும் தரையிலும் அதிர்வாக, 'விர்ர்' என்று வரும்.

ஊளை எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு. 235/75 ஆர் 15 டயர் என்று வைத்தால், நிஜமான 60-ல் சக்கரம் நொடிக்கு 7 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல் (4.56 அப்படித்தான் வருகிறது). ஆக நொடிக்கு ஏறக்குறைய 300 முறை பல்லோடு பல் சேருகிறது. காதில் ராகம் போல விழுவது அதுதான். பேரிங் போனால் ராகம் இருக்காது, கரகரப்பும் உறுமலும்தான்.

இனி கால் பரிசோதனை. விடியற்காலையில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் போலத் தடையில்லாத ரோட்டுக்குப் போங்கள். சத்தம் வரும் வேகத்தில் முதலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியை இழுக்கவிடுங்கள். பிறகு கியரிலேயே வைத்துக் காலை முழுதாக எடுங்கள். கடைசியாக வேகம் ஏறாமல் இறங்காமல் லேசாகப் பிடித்து ஓட்டுங்கள். இழுக்கும்போது மட்டும் கத்தினால், பல்லின் முன்பக்கம் சேரும் இடம் சரியில்லை. பினியனின் ஆழம், அதாவது அது கிரவுனை நோக்கி எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பது, தப்பியிருக்கலாம். காலை எடுத்தால் மட்டும் கத்தினால், பெரும்பாலும் பினியன் பேரிங்கின் இறுக்கம் போதவில்லை, அல்லது பினியன் நட்டு தளர்ந்திருக்கிறது. கால் என்ன செய்தாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங்தான். அப்போது ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாயும்போது கூடினால் சக்கர பேரிங். நேரே போகும்போது சும்மா இருந்து, திரும்பும்போது மட்டும் முனகினால் நடுவில் உள்ள ஸ்டார் பினியன்களை (திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் சின்னப் பல் சக்கரங்கள்) சந்தேகப்படுங்கள். வண்டியை எடுக்கும்போது 'டக்' என்று ஓர் அடி மட்டும் கேட்டால் கிராஸையும் பேக்லாஷையும் (கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி) பாருங்கள்.

ஜாக்கி போட்டு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கேட்பார்கள். பேரிங்குக்கு அது உதவும். கிரவுன் ஊளைக்கு உதவாது, பாரம் இல்லாமல் பல் பேசாது.

கால் பரிசோதனையில் கிரவுன்தான் என்று தெரிந்தால், மெக்கானிக்கிடம் சண்டை போடாமல் ஒன்று கேளுங்கள்: "அண்ணா, பேட்டர்ன் எடுத்தீங்களா, பேக்லாஷ் எவ்ளோ வெச்சீங்க?" பேட்டர்ன் என்பது பல்லோடு பல் சேரும் இடத்தின் தடம். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து பேக்லாஷை அளந்தவர் உடனே எண்ணைச் சொல்வார். பல ஆக்ஸில்களில் 0.13-லிருந்து 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் ஆக்ஸிலுக்கான எண் மேனுவலில் உண்டு. 'கையால ஆட்டிப் பாத்தேன், கரெக்டா இருக்கு' என்று பதில் வந்தால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே உரசித் தயாரானவை, ஜே.சி. ரோட்டில் கிரவுன் ஒரு கடை, பினியன் ஒரு கடை என்று சேர்த்தார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

திறக்கும்போது கூடவே நில்லுங்கள். முதலில் டிரெய்ன் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மசி போல ஒட்டியிருந்தால் பரவாயில்லை. விரலில் குத்தும் செதில் இருந்தால் பரவாயில்லை என்று விட முடியாது. பிறகு பேட்டர்ன் எடுக்க, நான்கைந்து பல்லில் புளூ (தடம் பார்க்கும் பசை) தடவி, கிரவுனைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனை முன்னும் பின்னும் சுற்றச் சொல்லுங்கள். பல் சேரும் இடத்தில் புளூ விலகி, பளபளவென்று ஒரு நீள்வட்டம் தெரியும். அது பல்லின் உச்சிக்கும் அடிக்கும் நடுவில் உட்கார வேண்டும். உச்சியில் விழுந்தால் பினியன் தூரத்தில் நிற்கிறது. பினியன் தலைக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய உலோக வளையம்) உள்ள அமைப்பில் தடிமனான ஷிம் போட்டு உள்ளே தள்ள வேண்டும். அடிப் பள்ளத்தில் விழுந்தால் ஷிம்மைக் குறைக்க வேண்டும். ஷிம் மாற்றியதும் பேக்லாஷ் கலையும், மறுபடி அளக்க வேண்டும். பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கி இறுக்கத்தை நிறுத்தும் குழாய்) உள்ள ஆக்ஸில் என்றால் ஸ்லீவ் புதிதாகத்தான் போட வேண்டும். பழையதையே வைத்து நட்டை இறுக்கினால் பேரிங் இறுக்கம் நிற்காது. இந்த வேலைக்குப் பொறுமைதான் கூலி. அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

ஆயில் ஜி.எல்-5 ரகமாக இருக்கட்டும். பினியன் கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி இருப்பதால் பல் வழுக்கிக்கொண்டே சேரும், சாதாரண கியர் ஆயில் தாங்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பின்னால் 4.56, முன்னால் இன்னும் 3.73. இந்த நிலையில் தார் ரோட்டில் ஃபோர் வீல் லீவரைப் போட்டால் முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு ஆக்ஸிலுக்கும் சுற்றைப் பிரித்துத் தரும் பெட்டி) உடையும். மண்ணிலும் போடாதீர்கள். முன் ஆக்ஸிலுக்கும் 4.56 ஏறும் வரை லீவரைத் தொடாமல் ஓட்டுங்கள்.