மலைவேம்பில் செய்த ப்ளைவுட் வலுவாக இருக்குமா?

இருக்கும், மரத்தைச் சரியாக வளர்த்து, கட்டையை மெல்லிய தாளாகச் சரியாக உரித்திருந்தால். கப்போர்டு செய்யப் போன இடத்தில் 'உள்ளே மலைவேம்பு கோர்', அதாவது நடு அடுக்குகள் மலைவேம்பு, என்று சொன்னதும் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். நான் ப்ளைவுட் விற்பவன் இல்லை, சத்தியமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கரில் மலைவேம்பு வைத்தவன்.

நாற்று கொடுத்தவர் "நட்டுவிட்டு மறந்துவிடுங்கள்" என்றார், நம்பினேன். ஆறாம் வருடம் வெட்டி மில்லுக்கு ஏற்றிப்போனபோது உரிப்பதை நின்று பார்த்தேன். கட்டை சுழலச் சுழல வெள்ளைத் தாள் மாதிரி வினீர் வந்துகொண்டிருந்தது (இந்தத் தாள்களை அடுக்கி ஒட்டினால்தான் ப்ளைவுட்), கொஞ்ச நேரத்தில் பழுப்பாக ஒரு வட்டம், அடுத்த சுற்றில் அந்தக் கணு கழன்று விழுந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை, அதிலிருந்தே தாள் கிழிந்தது. பட்டுப்போன கிளையை மரத்திலேயே விட்டால் இப்படித்தான் ஆகும். முதல் இரண்டு வருடம் பக்கக்கிளைகளைக் கழித்திருந்தால் கணு நடுத்தண்டோடு நின்றிருக்கும், அதற்கு மேல் சுற்றியதெல்லாம் சுத்தமான மரம்.

அந்த ஓட்டைத் தாளை நடு அடுக்கில் வைத்து மேலே நல்ல ஃபேஸ், அதாவது வெளிப்பக்கத் தாள், ஒட்டிவிட்டால் வெளியே தெரியாது. ஆனால் அந்த இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, கணுவைச் சுற்றி நாரும் வளைந்து ஓடுவதால் பாரம் ஏற்றினால் அங்கேதான் முதலில் விடும். பசைதான் முக்கியம் என்று சண்டைக்கு வருவார்கள். தண்ணீரைத் தாங்குவதற்குப் பசைதான், மறுக்கவில்லை, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்தில் வரும் மரைன் ப்ளைவுட் பலகையை 72 மணி நேரம் கொதிக்கவைத்தே சோதிக்கிறார்கள். ஆனால் மொக்கைக் கத்தியில் உரித்த சொரசொரப்பான தாளிலும் சரியாகக் காயாத தாளிலும் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. ஆறு வருட மரமெல்லாம் ஒரு மரமா என்பவர்களுக்கும் சொல்கிறேன், இளமரம் கொஞ்சம் லேசுதான், தேக்கோடு ஒப்பிடவில்லை, கணு இல்லாமல் வளர்த்தால் கோருக்கு அது தாராளமாகப் போதும்.

வாங்கும்போது பலகையின் நான்கு ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே சந்து தெரிந்தாலோ, ஒரு தாள் மேல் இன்னொன்று ஏறியிருந்தாலோ வேண்டாம்.

அப்புறம் ஒரு வயிற்றெரிச்சல். எடை போட்ட இடத்தில் ஈரக்கழிவு என்று டன்னுக்கு இத்தனை கிலோ என்று கழித்தார்கள், எந்தக் கணக்கில் என்று கேட்டால் பதில் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் ஆள் வைத்துக் கிளை கழித்து வளர்த்த மரத்துக்கும் என் கணுமரத்துக்கும் அன்று ஒரே விலைதான் போட்டார்கள். அவர் அடுத்த நடவுக்கு ஆள் வைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.