மேயர் நாற்காலியிலிருந்து மக்களவைக் களத்துக்கு

கேள்வி: வேலூர் மாநகராட்சியில் மேயராக இருந்தவர் எவரேனும் மக்களவைத் தேர்தலில் நின்றதுண்டா? (வாசகி ஒருவர், காட்பாடி)

பதில்: உண்டு, ஆனால் வேலூர்த் தொகுதியில் அன்று. வேலூர் நகராட்சி 2008-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகு, 2011 உள்ளாட்சித் தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று மேயரானவர் ப. கார்த்தியாயினி. அப்போது மேயரை மாநகர வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர்; 2022-இல் மாமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து மேயரைத் தேர்ந்தெடுத்த முறையோடு ஒப்பிட்டால், அவர் பெற்றது மாநகர் முழுவதும் வாக்குக் கேட்டுப் பெற்ற வெற்றி என்பதை மறக்கலாகாது. பின்னர் பா.ஜ.க.வில் சேர்ந்த அவர், 2024-இல் தனித்தொகுதியான சிதம்பரத்தில் போட்டியிட்டு, ஏறத்தாழ 1.68 லட்சம் வாக்குகளுடன் மூன்றாம் இடம் பெற்றார். அங்கே விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல். திருமாவளவன், அ.தி.மு.க. வேட்பாளரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார்.

சொந்த ஊரில் நிற்காதது ஏன் என்று கேட்பீர்கள். வேலூர் பொதுத்தொகுதி; அங்கே பா.ஜ.க. கூட்டணியின் சார்பில் தாமரைச் சின்னத்தில் நின்றவர் ஏ.சி. சண்முகம். 2019-இல் பணப்பறிமுதலால் தள்ளிப்போய் ஆகஸ்டில் நடந்த தேர்தலில் 8,141 வாக்குகளில் தோற்றவரும் அவரே என்பதால், அந்த இடம் வேறொருவருக்குக் கிடைப்பது அரிது என்பது என் கணிப்பு.