வளர்ப்பு ஆமைகளுக்கு வீட்டுக்கு வெளியே அடைப்பு கட்டுவது எப்படி? கம்பி வலை போதுமா?

போதாது. நாலு கம்பம் நட்டு வலை அடித்தால் முடிந்தது என்று சொல்பவர்கள் கோழி வளர்த்தவர்களாக இருப்பார்கள், ஆமை வளர்த்திருக்க மாட்டார்கள்.

என்ன ஆமை என்று நீங்கள் சொல்லவில்லை. யாரோ கொடுத்த குட்டி வளர்ந்துவிட்டது, வீட்டுக்குள் இடம் போதவில்லை, பின்பக்கம் கொஞ்சம் இடம் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தால் கல், சிமெண்ட் எதுவும் வாங்க வேண்டாம். அது நம்மூர் நட்சத்திர ஆமை. 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். எங்கள் கேரளத்தில், மறையூர்ப் பக்கத்துச் சின்னார்க் காட்டில் அது இயற்கையாகவே திரிகிறது. அதற்காக நீங்களே கொண்டுபோய் எந்தக் காட்டிலும் விட்டுவிடாதீர்கள், வீட்டு நோய் காட்டுக்குப் போய்விடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

என்னிடம் இருப்பது சல்கட்டா இரண்டு. சகாராவின் தெற்கு ஓரத்து ஆமை. பெரியப்பா மகன் வெளிநாடு போகும்போது கூண்டோடு விட்டுச் சென்றவை. வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்களுக்கான 2024 விதிப்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறேன். வெளிநாட்டு உயிரை ஏன் வளர்க்கிறாய் என்று கேட்க வருபவர்களுக்கு: நான் வாங்கவில்லை, யாரையும் வாங்கச் சொல்லவும் இல்லை. 50 கிலோவுக்கு மேல் போகும், உங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும். இது தெரிந்தால் பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள்.

அண்ணன் விட்டுப்போன கூண்டு கம்பி வலைதான். வலைக்கு அந்தப் பக்கம் புல் தெரிந்தால் ஆமை சும்மா இருக்காது. வழி மறித்திருக்கிறது என்பது அதற்குப் புரியவே புரியாது. காலையிலிருந்து மாலை வரை வலையோரமாகவே நடக்கும், முட்டும். இரண்டுக்கும் மூக்கு நுனி தேய்ந்து புண்ணாகி இருந்தது. அதனால்தான் சுவர் என்கிறேன். வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் பத்து நாளில் அடங்கிவிடும்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கேரளா என்றதும் நீங்கள் நினைக்கும் பச்சை இங்கே இல்லை. மழை குறைவு, மண் பல இடங்களில் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதும். அதன் மேல் அஸ்திவாரம் இல்லாமல் சுவர் வைத்தால் இரண்டு மழைக்குள் கீறல் விடும். மேஸ்திரிக்கு இது தெரியாததில்லை. ஆனாலும், "ஆமைக்கு எதுக்குங்க அஸ்திவாரம்? ரெண்டு வரி கல்லு வெச்சாப் போதும்ங்க" என்றே நின்றார். பன்றிப்பட்டி கட்டுகிறேன் என்று அவர் ஊரில் சொல்லியிருந்ததும் காதுக்கு வந்தது. நான் விடவில்லை. கரிசலைத் தாண்டிச் சுக்காங்கல் தட்டும் வரை தோண்டச் சொன்னேன். மண்ணுக்குள் இரண்டடி, மேலே இரண்டரை அடி, வெட்டுக்கல். சல்கட்டா தோண்டிப் பிறந்த ஜாதி, அதன் சொந்த ஊரில் வெயிலுக்குப் பயந்து மண்ணுக்குள் ஆள் உயரத்துக்கும் மேலே வளை பறிக்கும். ஒரு மாதம் கழித்துக் கூலி பாக்கிக்காக வந்த மேஸ்திரி, பெரியது சுவரோரம் பறித்திருந்த குழியை எட்டிப் பார்த்தார். கல் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார்.

உள்மூலைகள் நான்கிலும் மேலே ஒரு பலகைக்கல் படுக்க வைத்து மூடுங்கள். ஏறிப் பார்ப்பது எப்போதும் மூலையில்தான். ஏறி மல்லாந்து விழுந்து, வெயிலும் இருந்தால் அதோடு கதை முடிந்தது.

கரிசலில் ஆமையே பறிக்கும் வளை மழையில் இடிந்து விழும். அதனால் வளையை நாமே செய்து கொடுத்துவிடுவது நல்லது. பெரிய சிமெண்ட் குழாயைச் சாய்வாகப் பாதி புதைத்து, மேலே கிராவல் கொட்டி மேடாக்கினேன். உள்ளே ஈரம் தங்கக்கூடாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் சல்கட்டாவுக்குச் சளி பிடித்து நுரையீரல் வரை போய்விடும். எங்களுக்கு ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து சாரலோடு வரும். மார்கழியில் அதே வேகத்தில் கிழக்கேயிருந்து. அதனால் குழாயின் வாய் வடக்கே.

வடக்கு என்றதும் என் மச்சான் முகம் மலர்ந்தது, குபேரன் திசையாம். அதுவரை அவர் "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று என் மாமியார் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தவர். கோர்ட்டு அமீனா ஜப்திக்கு வந்தால் அவர் வாங்கிய கடனுக்காகத்தான் வர வேண்டும். சரி, அது வேறு கதை.

இன்னொன்றும் வேறு கதைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். கல் வந்து இறங்கிய அன்று ரேஷன் கார்டில் ஒரு திருத்தத்துக்காக ஓர் அலுவலகம் போயிருந்தேன். மனுவைத் தமிழில் எழுதியிருந்தேன். மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பிவிட்டார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே எங்களைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மையினர் எங்கள் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம் என்று இருக்கிறது. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், மலையாளம் நன்றாகப் பேசுவேன், திரைப்படமும் பார்ப்பேன். எழுதிப் பழகவில்லை, அவ்வளவுதான். எனக்கு மலையாளிகள்மீது கோபம் இல்லை. அன்று கல் இறக்கிக் கொடுத்தவர்களும் மலையாளிகள்தான்.

நிழலுக்கு வருவோம். எங்களுக்கு வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கொட்டகை போட்டால் உள்ளே வெந்துவிடும். கூரைக்கு மண் ஓடு, அதற்கு அடியில் தென்னங்கீற்று. சுவருக்கு வெளியே ஒரு புங்கன் வையுங்கள், பங்குனி சித்திரையில்தான் அது துளிர்த்து நிற்கும். தண்ணீருக்கு ஆழமில்லாத சிமெண்ட் தட்டு, விளிம்பு தரைமட்டத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் தாடையைத் தாண்டக்கூடாது. குடித்த தண்ணீரிலேயே சாணமும் போடும், தினமும் கழுவுவது உங்கள் தலையெழுத்து.

உள்ளே புல் வளரட்டும். அருகு, கோரை, சப்பாத்திக்கள்ளி மடல், எல்லாம் தின்னும். சோறு, தோசை, பழத்தோல் கொடுக்கும் பாட்டிகளைத் தடுத்து வையுங்கள். அரளி சுற்றுவட்டாரத்திலேயே வேண்டாம். கட்டி முடித்ததும் ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் குனிந்து பொறுக்குங்கள். கண்ணில் பட்டதை எல்லாம் கடித்துப் பார்க்கும் பிராணி இது. எங்கள் தெருநாய்கள் ஆமையின் ஓட்டையே எலும்பு மாதிரி கடிக்கும், அதனால் இரவில் குழாய்க்கு ஒரு மரக்கதவு உண்டு.

இரண்டும் ஆணாக இருந்தால் நடுவிலும் சுவர் வேண்டும். ஒன்றையொன்று முட்டித் தள்ளிக் கவிழ்த்துவிடும். என்னுடையவை இரண்டும் ஆண், ஆக வெட்டுக்கல் கணக்கு நான் நினைத்ததைவிட ஏறிவிட்டது. உங்கள் மண் என்ன, ஆமை எத்தனை அங்குலம் என்று எழுதினால் சுவர் உயரம் சொல்கிறேன்.