நாற்பதில் எட்டுப் பேருக்கு இளைப்பா?

கேள்வி: கேப் டவுனில் டவுன்ஷிப் (நகர விளிம்பிலுள்ள ஏழைகள் குடியிருப்பு) பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் 40 பேர். ஏழெட்டுப் பேருக்கு ஓடினால் இளைக்கிறது, ராத்திரி இருமல் வருகிறது என்கிறார்கள். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அபூர்வம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். பள்ளிக்கு வந்த ஒருவர், தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: முதலில் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

‘அபூர்வம்’ என்பது பொய்யல்ல, பழைய கதை. ஹோசா இனப் பிள்ளைகளை ஓடவிட்டு மூச்சுக்குழாய் இறுகுகிறதா என்று பார்த்த ஆய்வு ஒன்று 1979ல் வந்தது. அவர்களின் பூர்வீகமான டிரான்ஸ்கை பகுதிக் கிராமங்களில் 0.14 சதவீதம்தான், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர். கேப் டவுனில் வளர்ந்த ஹோசா பிள்ளைகளிடம் 3 சதவீதத்துக்கு மேல். “எங்க ஊரில் இந்த வியாதியே கிடையாது” என்று உங்கள் மாணவனின் பாட்டி சொன்னால் நம்புங்கள். ஆனால் பேரன் வளர்வது தகர வீட்டின் ஈரத்திலும் பாரஃபின் அடுப்புப் புகையிலும். கரப்பானும் தூசிப்பூச்சியும் வேறு. இதே நகரில் 13, 14 வயதுப் பிள்ளைகளிடம் ‘கடந்த ஓராண்டில் வீசிங் வந்ததா’ என்று 1995ல் கேட்டபோது 16 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2002ல் அது 20.3 சதவீதம். நாற்பது பேருக்கு எட்டு. உங்கள் வகுப்புக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த ரத்தப் பரிசோதனை. தூசிப்பூச்சிக்கு ‘பாசிட்டிவ்’ வந்தால், உடம்பு அதை அடையாளம் கண்டிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் நிரூபணமாகாது. காபோன் நாட்டு லம்பரேனேயில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு 2000ல் வந்தது. சிறுநீர்ப்பாதையில் ஒட்டுண்ணிப் புழு இருந்த பிள்ளைகளுக்குத் தூசிப்பூச்சித் தோல்சோதனையில் தடிப்பு குறைவாகவே வந்தது. புழு உடம்பின் எதிர்ப்பையே அடக்கிவைக்கிறது. ஆக, ரத்தத்தில் தெரிவதெல்லாம் அலர்ஜியாக வெளிப்பட வேண்டும் என்றில்லை. இவ்வளவு சிக்கலை ஒரு பெட்டியோடு வருகிற ஏஜென்ட் தீர்த்துவைப்பாரா? அதிலும் ‘தொண்ணூறு உணவுக்கு டெஸ்ட்’ என்று விற்பது பெரும்பாலும் பிள்ளை என்ன சாப்பிட்டிருக்கிறான் என்பதைத்தான் காட்டும். அப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து முட்டை, பால் இரண்டையும் நிறுத்திவிட்டு ஒரு தாய் பையனை என்னிடம் கூட்டிவந்தார். எடைதான் குறைந்திருந்தது, இளைப்பு அப்படியே இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது கேள்வி கேட்பதுதான். நெஞ்சில் விசில் சத்தம் வருகிறதா? ராத்திரி இருமி எழுகிறானா? ஓடினால் வருகிறதா, வந்து வந்து போகிறதா? ஆம் என்றால் அதை ஒரு தாளில் எழுதி, கிளினிக்குக்குப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள். தாள் முக்கியம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று இருமல் சிரப்பும் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். கிடைத்தாலும் நீலப் பம்பு (இன்ஹேலர்) மட்டும் கிடைக்கும். நீலம் அந்த நேரத்து மூச்சுத்திணறலுக்கு. மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்குவது தினமும் இழுக்கும் பிரவுன் பம்பு. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது எப்போதோ ஏறிவிட்டது. இருந்தும் ஏன் கேட்டால்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் விஷயம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கேப் டவுனில் காசநோய் அதிகம். பிள்ளைகளுக்கு நெஞ்சுக்குள் நெறிகட்டி, அது மூச்சுக்குழாயை வெளியிலிருந்து நெரித்தாலும் விசில் சத்தம் வரும். ஆஸ்துமா சத்தம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கேட்கும், வரும், போகும். காசநோய்ச் சத்தம் போகாது. ஒரே பக்கம் கேட்கலாம், பம்புக்கும் மசியாது. கூடவே எடை குறைகிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமலா, வீட்டில் யாராவது காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ‘ஆஸ்துமாதான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், எக்ஸ்ரே கேளுங்கள்.

ஆசிரியர் அறையில் ஒரு நீலப் பம்பும், பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர் என்ற குடுவை ஒன்றும் இருக்கட்டும். பம்பு மட்டும் இருந்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடும். ஸ்பேசர் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில், பம்பின் வாய் இறுக்கமாக நுழைகிற மாதிரி சூடான கம்பியால் துளை போடுங்கள், அவ்வளவுதான். கேப் டவுனில் குழந்தை மருத்துவர் ஹெதர் ஜார் குழுவினர் இதைப் பிள்ளைகளிடம் சோதித்து, கடை ஸ்பேசருக்கு இது சளைத்ததில்லை என்று 1999லேயே காட்டிவிட்டார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிடுங்கள். பிள்ளை பாட்டில் வாயைக் கவ்விக்கொள்ள, பம்பைக் குலுக்கி ஒரு அழுத்து, நாலைந்து சாதாரண மூச்சு. மறுபடி குலுக்கி இன்னொன்று. நாலு முதல் பத்து அழுத்து வரை கொடுக்கலாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினால் 10177க்கு அடியுங்கள், செல்போனில் 112. வண்டி வரும்வரை பிள்ளையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டில் வழியாகப் பம்பைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.